உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது: தொடக்கப் பள்ளியில் உடல்நலம் சொல்லிக் கொடுப்பது பற்றி ஆசிரியர்கள் பேசலாமா?

1. கடற்கரை டீச்சர்

வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மூன்றாம் வகுப்பு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று கை கழுவும் முறையைப் பாட்டாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "நேத்து ராத்திரி சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுச் சாப்பிட்டவங்க கையைத் தூக்குங்க" என்றேன். 23 பிள்ளைகளும் தூக்கினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பள்ளி விட்ட பிறகு ஒரு பிள்ளை மட்டும் வாசலில் நின்றாள். "டீச்சர், எங்க வீட்டுல குளிக்க மட்டுந்தான் சோப்பு. நல்ல தண்ணி குடம் 10 ரூவா, கை கழுவ அம்மா தராது. நான் தூக்கலைன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு தூக்கிட்டேன்" என்றாள்.

டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பதைத்தான் அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளி அடிகுழாய்த் தண்ணியில் நானே சோப்புப் போட்டுப் பார்த்தேன். நம் கரைத் தண்ணி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. சோப்பு வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கையில் ஒட்டுகிறது, நுரை வரவில்லை. இத்தனை வருஷமும் செய்து காட்டுவதற்கு வீட்டிலிருந்து கேனில் நல்ல தண்ணி கொண்டுபோயிருக்கிறேன். என் கையில் நுரைத்தது, பிள்ளைகள் கையில் நுரைக்கவில்லை. அதை ஒரு தடவைகூட நான் கவனிக்கவில்லை.

இப்போது என் எண்ணம் இதுதான். ஒரு பிள்ளையால் அன்றைக்கே, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே செய்ய முடியாத எதையும் உடல்நலப் பாடம் என்று நடத்தக் கூடாது. முதலில் வழி செய்துவிட்டு அப்புறம் வாயைத் திறக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் பள்ளியில் என்ன செய்கிறீர்கள்?

2. ஈராசிரியர்

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. ஆனால் எனக்கு வேறு கருத்து உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன்.

சாயல்குடி தாண்டி ஒரு ஊரில் இருக்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். எண்ணும் எழுத்தும் (எழுதப் படிக்க, கணக்குப் போட அடிப்படை சொல்லிக் கொடுக்கிற அரசுத் திட்டம்) வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். காலையில் வருகைப் பதிவு, எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதள வேலை. உயரம், எடை எடுத்து ஏற்ற வேண்டும். குடற்புழு மாத்திரை நாங்கள் கொடுக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை நாங்கள் கொடுக்க வேண்டும். கண் பரிசோதனை அட்டையைச் சுவரில் மாட்டி ஆறு மீட்டர் அளந்து நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். என் வகுப்பறையின் நீளமே ஆறு மீட்டர் கிடையாது, வராந்தாவில்தான் செய்கிறேன்.

ஒரு தடவை மாத்திரை போட்ட பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. சாயங்காலம் ஊரே பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. வெறும் வயிற்றில் வந்த பிள்ளை, வேறொன்றும் இல்லை. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்.

2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் வந்தபோது பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, 11 தலைப்பில் பாடம் என்றார்கள். பின்தங்கியவை என்று மத்திய அரசு பட்டியலிட்ட 'முன்னேற விழையும் மாவட்டங்களில்' முதலில் என்றார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ள இரண்டு மாவட்டங்களில் நம் ராமநாதபுரம் ஒன்று, விருதுநகர் இன்னொன்று. ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்துதான். பழக்கம் உண்டாகிற வயசு ஐந்திலிருந்து பத்து. அந்த வயசுப் பிள்ளைகளை வைத்திருக்கிற எங்களுக்குப் பயிற்சி இல்லை, வேலை மட்டும் இருக்கிறது.

ஐந்தாறு பள்ளிக்கு ஒரு செவிலியர் என்று போடட்டும். நான் பாடம் நடத்துகிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

3. ஊர்ச் செவிலியர்

ஈராசிரியர் சார், உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒரு விஷயத்தில் எங்களால் உங்கள் இடத்தில் நிற்க முடியாது.

2013-இல் தொடங்கின தேசிய சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வருஷத்தில் ஒரு தடவை வரும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சியில் பின்தங்கல் என்று நாலு வகையில் பார்ப்பார்கள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிஷம்தான் கிடைக்கும். நீங்கள் வருஷத்தில் 200 நாளுக்கு மேல் அதே முகத்தைப் பார்க்கிறீர்கள். பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்தே எழுதுகிற பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்தது எங்கள் குழு இல்லை, ஒரு டீச்சர். எப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிற பையனின் காதில் சீழ் இருக்கிறது என்று அனுப்பியதும் ஒரு டீச்சர்தான்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். குழு எழுதிக் கொடுத்த பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனதா என்று பத்து நாள் கழித்து ஒரு தடவை கேளுங்கள். எழுதிக் கொடுத்த சீட்டு பல வீட்டில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அப்பா கடலுக்குப் போயிருப்பார், அம்மாவுக்கு ராமநாதபுரம் போக ஒரு நாள் கூலி போகும். இரண்டாவது, காய்ச்சல் என்று இரண்டு நாள் வராத பிள்ளை பேரை எனக்குச் சொல்லுங்கள். ராமேஸ்வரம் தீவிலும் பாம்பன் பக்கமும் மலேரியா பழைய கதை ஆகிவிடவில்லை. காய்ச்சல் என்றால் ரத்தத் தடவல் எடுத்தே ஆக வேண்டும். மூன்றாவது, மாத்திரை நாளில் சாப்பிட்ட பிறகு மட்டும் கொடுங்கள். நீங்கள் சொன்ன வாந்தி அதனால்தான் வந்திருக்கும். அந்த நாளில் நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துக் குறை.

4. நாலாம் வகுப்பு உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் டீச்சர் இல்லை, கீழக்கரைப் பக்கம் ஒரு பிள்ளையின் உம்மா. வாப்பா வெளிநாட்டில். ஆசிரியர்கள் பேசுகிற இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதியே விடுகிறேன்.

போன வருஷம் என் மகளைத் தலையில் பேன் இருக்கிறது என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்கள். தனியாகப் பின்னால் உட்காரவைத்தார்கள். டீச்சர் நல்லவர்தான், கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்று நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. தலையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள், மொட்டை அடித்துவிடு என்று அழுதாள். பேன் ஒரு தலையில் இருந்தால் பக்கத்துத் தலையிலும் இருக்கும். அவளுக்கு மட்டும் எப்படி வந்தது?

உடல்நலம் சொல்லிக் கொடுக்கிறபோது பிள்ளையின் மானத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்மார்களே. ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பைக்குள் வைத்திருந்தால் நான் பார்த்திருப்பேன். எனக்கு நல்லாவே படிக்கத் தெரியும்.

5. கடற்கரை டீச்சர்

அம்மா, வ அலைக்கும் ஸலாம். நீங்கள் எழுதியது நல்லது. நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். சொறி வந்த ஒரு பையனை எட்ட உட்காரவைத்தேன். சொறி வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் போகும், அவனை மட்டும் தள்ளிவைத்து ஒன்றும் ஆகாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பையன் இப்போது பெரியவனாகிப் படகுக்குப் போகிறான். என்னைப் பார்த்தால் சிரிப்பான். எனக்குத்தான் நெஞ்சு குத்தும்.

இப்போதெல்லாம் பேன் என்றால் மொத்த வகுப்புக்கும் ஒரே சீட்டு. "இந்த வாரம் எல்லா வீட்டிலும் தலை பாருங்கள், ஈர்கொல்லி வைத்து வாருங்கள்" என்று மட்டும். யார் பேரும் இருக்காது.

6. பனங்காட்டு டீச்சர்

தொண்டிப் பக்கம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெயில் காலத்தில் தண்ணி குடிக்க வேண்டும் என்று தினமும் நேரம் வைத்து மணி அடித்தோம். பையன்கள் குடித்தார்கள். நாலு, ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் பாட்டில் காலையில் எப்படி நிறைந்து வந்ததோ அப்படியே சாயங்காலம் வீட்டுக்குப் போயிற்று. நீர்க்கடுப்பு என்று ஒரு பிள்ளை அழுதபோதுதான் உட்கார்ந்து கேட்டேன். கழிவறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் போவதே இல்லை, போகக் கூடாது என்பதற்காகக் குடிப்பதும் இல்லை.

தாழ்ப்பாள் 60 ரூபாய், ஆசாரிக்கு 100 ரூபாய். மறுவாரம் பாட்டில்கள் காலியாகப் போயின. அதற்கு முன்னால் தண்ணி ஏன் குடிக்க வேண்டும் என்று நான் எத்தனை வகுப்பு எடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

7. பழைய தலைமை ஆசிரியர்

பனங்காட்டு டீச்சர் சொன்னதற்கு உடல்நல மேம்பாடு என்று ஒரு பேர் உண்டு. ஓய்வு பெறுவதற்கு முன் சில வருஷம் வட்டார வள மையத்தில் பயிற்சியும் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன். 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரத்தில் உலக சுகாதார நிறுவனம் ஒரு சாசனம் கொண்டுவந்தது. உடல்நலம் ஆஸ்பத்திரியில் உண்டாவதில்லை, மனிதர்கள் அன்றாடம் படிக்கிற, வேலை செய்கிற, விளையாடுகிற இடத்தில் உண்டாகிறது என்பது அதன் சாரம். நல்ல பழக்கத்தைச் சொல்லிக் கொடுப்பது ஒரு பங்கு. அந்தப் பழக்கம் சுலபமாகக் கைக்கு வருகிற மாதிரி இடத்தை மாற்றுவது இன்னொரு பங்கு. 1995-இல் உலக சுகாதார நிறுவனம் அதையே பள்ளிகளுக்கென்று தனித் திட்டமாக்கியது. நாம் முதல் பங்கோடு நின்றுவிட்டோம். தாழ்ப்பாள் இரண்டாவது பங்கு.

புழு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்கிற மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிறோம். வயிற்றில் இருக்கிற புழு செத்துப்போகும். ஆனால் கொக்கிப்புழு பெரும்பாலும் வருவது வாய் வழியாக அல்ல. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் குஞ்சுப்புழு தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். கருவேலங்காட்டுக்கு ஒதுங்கப் போகிற ஊரில் மாத்திரை கொடுத்த அடுத்த மாதமே திரும்ப ஏறலாம். ரத்தத்தைக் குடிக்கிற புழு அது. பிள்ளை வெளுத்துப்போய் வகுப்பில் தூங்கும். நாம் அதைச் சோம்பேறி என்போம்.

என் பள்ளியில் ஒன்று கவனித்தேன். பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். வகுப்பு வாசலில் கழற்றி வைக்கிறார்கள். கழிவறைக்குப் போகிற அவசரத்தில் யாரும் செருப்பை மாட்டுவதில்லை, வெறுங்காலோடு ஓட்டம். பள்ளிக்குள்ளேயே அந்தப் பாதைதான் ஆபத்தான பாதை. பெரியது நாலு ஜோடி, சின்னது நாலு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கழிவறை வாசலில் போட்டுவைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

8. சத்துணவு அக்கா

நான் அமைப்பாளர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினபோது எங்க அம்மா சமையல் உதவியாளரா சேர்ந்தாங்க, இப்ப நான். டீச்சர்மார் பேசுறதுல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

வெறும் வயிறு பிரச்சினை காலை உணவு வந்த பிறகு நிறையக் குறைஞ்சிருக்கு. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அதுக்கு முன்னாடி அம்மாமார் விடியக் காலையிலேயே கடல்பாசி எடுக்கப் போயிருவாங்க, இல்லைன்னா மீன் ஏலத்துக்குப் போயிருவாங்க. பிள்ளைக ஒரு கிளாஸ் டீயும் வர்க்கியும் தின்னுட்டு வரும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். பள்ளிக்கூடம் தொறக்குற நேரத்துல வீட்டுல கையில காசு இருக்காது. ஜூன்ல வர்ற பிள்ளைகளோட முகம் எனக்குத் தெரியும். ரெண்டாவது தடவை உப்புமா கேட்டு வரும், வெக்கப்பட்டுக்கிட்டுத் தட்டைப் பின்னாடி வச்சுக்கிட்டு நிக்கும். பார்த்தவுடனே நானே கூப்பிட்டுப் போட்டிருவேன்.

சத்து மாத்திரை ஒரு சின்ன விஷயம். அஞ்சுலருந்து பத்து வயசுப் பிள்ளைக்கு ரோஸ் கலர் மாத்திரை, வாரம் ஒண்ணு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கணும், டீ குடிச்ச உடனே குடுத்தா சத்து ஒடம்புல சேராது. கக்கா கறுப்பாப் போகும்னு முன்னாடியே தாய்மாருக்குச் சொல்லிருங்க. சொல்லலைன்னா அடுத்த வாரம் மாத்திரைய வாயில அடக்கி வெளிய துப்பச் சொல்லி அனுப்புவாங்க. இது நான் பார்த்தது.

இன்னொண்ணு. சத்தான உணவுன்னு பாடத்துல ஆப்பிள் படம் போட்டிருக்கு. நம்ம பிள்ளைக்குச் சூடை மீனும் நெத்திலிக் கருவாடும் முருங்கைக் கீரையும் சத்துன்னு ஒரு டீச்சராவது சொன்னா, வீட்டுல இருக்குறதைத் தின்னுதுன்னு அதுக்கு ஒரு பெருமை வரும்ல? நெத்திலிய முள்ளோட தின்னா எலும்புக்கு அத்தனை பலம்.

9. ஈராசிரியர்

அக்கா, வெறும் வயிறு பற்றி நீங்கள் சொன்னது உண்மை. இப்போது வாந்தி வருவதில்லை. செவிலியர் அம்மா சொன்ன மூன்றையும் செய்கிறேன். என் நோட்டில் ஒரு பக்கம் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். பள்ளிக்கு எதிர்க் கடையில் உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பை விற்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் சட்டைப் பையில் ஒன்று கிடைத்தது. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. நான் ஒருவனாகப் போய்க் கேட்டேன். "வாத்தியாரே, பாடத்தைப் பாரு" என்றார்கள். நான் வெளியூர்க்காரன், வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆசிரியர் தனியாக நின்று ஊரோடு மோத முடியாது. புகையிலை கெடுதல் என்று வகுப்பில் படம் வரையச் சொல்லிவிட்டு, அதே பிள்ளையை அந்தக் கடை வழியாகத்தான் வீட்டுக்கு அனுப்புகிறேன்.

10. பழைய தலைமை ஆசிரியர்

தம்பி, தனியாகப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் கரையில் அந்தப் பெண்கள் மீன் ஏலத்தில் குரல் கொடுத்துப் பழகியவர்கள். கூட்டத்தில் அந்தப் பையைக் காட்டுங்கள், பையன் பேரைச் சொல்லாதீர்கள். தீர்மானம் எழுதி எல்லோர் கையெழுத்தும் வாங்கி, ஊராட்சிக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று கொடுங்கள். கடைக்காரர் பிள்ளையும் உங்கள் பள்ளியில்தான் படிக்கும்.

11. புதுசா வந்தவன்

வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, பாம்பன் பக்கம். நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

எங்கள் ஊரில் தண்ணி எப்போது வரும் என்று தெரியாததால் எல்லா வீட்டிலும் டிரம், சிமெண்டுத் தொட்டி. தண்ணியைத் தேக்காதீர்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? தேக்கித்தான் ஆக வேண்டும். அதனால் கொசுப்புழுவைக் காட்டினேன். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மேசையில் வைத்தேன், மேலே வலைத்துணி கட்டி. முதல் நாள் நெளிகிற புழு, பிறகு கூட்டுப்புழு, எட்டாம் நாள் காலையில் உள்ளே கொசு பறந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வகுப்பே வந்துவிட்டது.

அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களே வீட்டு டிரம்மில் டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை டிரம் தேய்க்கிற நாள் என்று முடிவு செய்தோம். தண்ணியைக் கொட்ட வேண்டாம், அடியில் கொஞ்சம் இருக்கும்போது இன்னொரு பாத்திரத்தில் வடித்துவிட்டு உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். டெங்குக் கொசு முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அதனால் தேய்ப்பதுதான் முக்கியம். பிறகு பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்ட வேண்டும். ஒரு பாட்டி பள்ளிக்கே வந்து, "பேரன் என்னை டிரம் தேய்க்க வைக்கிறான், நீங்கதான் அந்த சாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்குத் தனிப் பாடவேளை எடுக்கவில்லை ஈராசிரியர் சார். அறிவியல் பாடத்தில் உயிரினங்களின் வளர்ச்சி, தமிழில் அதைப் பற்றி ஐந்து வாக்கியம், கணக்கில் எத்தனை வீட்டில் எத்தனை டிரம் என்று கூட்டல்.

12. ஈராசிரியர்

கூட்டல் யோசனை நன்றாக இருக்கிறது தம்பி. எடுத்துக்கொள்கிறேன். மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்த வெள்ளி. என்ன நடந்தது என்று வந்து எழுதுகிறேன்.

13. கடற்கரை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பத்து நாளில் எங்கள் பள்ளியில் செய்து பார்த்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

மொத்தம் 61 பிள்ளைகள். நல்ல தண்ணியில் எல்லோரும் முழுசாகக் கை கழுவ ஆளுக்கு 200 மில்லி என்றாலும் 12 லிட்டர் வேண்டும், கிட்டத்தட்ட ஒரு குடம். தினமும் முடியாது. அதனால் இரண்டு தண்ணியையும் பிரித்தேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் சோப்பைத் துருவிப் போட்டு இரவு ஊறவைத்துக் கலக்கி, மூடியில் துளை போட்ட பாட்டிலில் ஊற்றினேன். அந்த ஒரு லிட்டர் ஒரு வேளைக்கு எல்லோருக்கும் போதும். தேய்த்த பிறகு அலசுவதற்கு அடிகுழாய் உப்புத் தண்ணி.

முதல் நாள் தோற்றுப்போனேன். பிள்ளைகள் வழக்கம்போல் கையை உப்புத் தண்ணியில் நனைத்துவிட்டு வந்தார்கள், நுரை உடனே செத்துவிட்டது. காய்ந்த கையில் சோப்புத் தண்ணியை விட்டு, பாட்டு முடிகிறவரை தேய்த்து, அதற்குப் பிறகுதான் குழாய்க்குப் போக வேண்டும். இப்போது நுரைக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் முறை வைத்துப் பாட்டிலைப் பிடிக்கிறார்கள்.

முதலில் நான் சொன்ன, வாசலில் நின்ற அந்தப் பிள்ளைக்குப் பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தேன். அவளுக்கு மட்டும் கொடுத்தால் உம்மா சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று எல்லோரையுமே காலி பாட்டில் கொண்டுவரச் சொல்லி, வகுப்பிலேயே ஆளுக்கொன்று செய்தோம். சோப்பு மேலாண்மைக் குழு அக்கா ஒருவர் வாங்கிக் கொடுத்தார். "நேத்து கை கழுவினீங்களா" என்று இப்போது கேட்பதில்லை. "பாட்டில்ல எம்புட்டு இருக்கு" என்று கேட்கிறேன். தீர்ந்துபோயிருந்தால் நிரப்பிக்கொண்டு போகலாம்.

நேற்று அவள் பாதி பாட்டிலோடு வந்தாள். "தம்பியும் போட்டுக்கிறான் டீச்சர், அதான் சீக்கிரம் தீந்துருது" என்றாள்.

14. ஊர்ச் செவிலியர்

டீச்சர், புதன்கிழமை உங்கள் பக்கம் வருகிறேன். அந்தப் பாட்டிலைப் பார்க்க வேண்டும். அங்கன்வாடிக்கும் இதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். சோப்பு எவ்வளவு துருவிப் போட்டீர்கள், அளவு சொல்லுங்கள்.

15. கடற்கரை டீச்சர்

10 ரூபாய்க் கட்டியில் கால்வாசி, ஒரு லிட்டருக்கு. அதற்கு மேல் போட்டால் கெட்டியாகித் துளையை அடைக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வாருங்கள், பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நேரம்.